ஏரிக்குப் போன கைப்பிடி

பையைத் தூக்கிப் பார்த்த என் மகள், "என்னம்மா வச்சிருக்க, கருங்கல்லா?" என்று கேட்டாள்.

"ரெண்டு புடவை, ஒரு துண்டு, தைலம்" என்றேன். துண்டுக்குள் என்ன சுற்றியிருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வாள்.

எனக்குப் போக இஷ்டமே இல்லை. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். விடுமுறை கிடைத்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை தஞ்சாவூரைத் தாண்டி மேற்கே ஓர் ஏரிக்கரை லாட்ஜில் இரண்டு நாள் தங்க ஏற்பாடு. கூட வர இருந்த சிநேகிதிக்குக் காய்ச்சல். "நீ வாம்மா. வயலை விட்டா வேற என்னத்தப் பாத்திருக்க?" என்றாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போவதென்றால் இன்றைக்கும் எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

அதைவிட, விதைத்து அன்றைக்கு ஆறாம் நாள். ஒரு ஏக்கரில் முளைகட்டிய விதையைச் சேற்றிலேயே தெளித்திருந்தேன். பச்சை ஊசி ஊசியாக அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. அந்தப் பருவத்தில் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் முளை அழுகிப்போகும். யாராவது வடிகாலைச் சடாரென்று திறந்துவிட்டாலும் விதை அடித்துக்கொண்டு போகும். வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். வயலுக்கு நான் ஒருத்திதான்.

நான் பயந்ததெல்லாம் இரண்டாவதற்குத்தான். காரணம் என் கொழுந்தனார். அவர் வயல் எங்கள் வயலை ஒட்டி, ஒரு அடி பள்ளத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் வராமல் எல்லோரும் தவித்தபோது, ஒரு விடியற்காலை நடு வரப்பை வெட்டி எங்கள் வயல் தண்ணீரைத் தன் வயலுக்கு இறக்கிக்கொண்டார். முதல்நாள் சாயங்காலம்தான் நான் யூரியா போட்டிருந்தேன். அத்தனையும் அவர் வயலுக்குப் போயிற்று. தெருவே கேட்கும்படி கத்தினேன். "இனிமே இந்த வரப்புல மண்வெட்டி வச்சா கையை ஒடிச்சிருவேன்" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. வரப்பை விட்டாலும் வடிகாலைத் திறந்துவிடுவாரோ என்று நான் புலம்பவே, அடுத்து ஊருக்கு வந்தபோது வீட்டுக்காரர் பட்டறையில் சொல்லி எங்கள் வடிகாலுக்கு ஒரு சின்ன இரும்பு ஷட்டர் செய்து வைத்தார். அதைத் திருகி ஏற்ற முழங்கை நீளத்தில் ஒரு கைப்பிடி. அது இல்லாமல் யாராலும் ஷட்டரை அசைக்க முடியாது.

கிளம்புகிற காலையில் ஷட்டரை இறுக்கி மூடி, கைப்பிடியைக் கழற்றித் துண்டில் சுற்றி, முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் மனசு கொஞ்சம் அடங்கியது.

தஞ்சாவூரில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. ஆட்டோ நின்றிருந்தது. "நடந்து போறதுதாம்மா இதுல விசேஷமே" என்றாள். விசேஷம் என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது தோள் இரண்டும் எனதில்லை.

அது பீச் லாட்ஜாம். ஏரிக்கு ஏது பீச்? ஆற்று மணலை லாரியில் கொண்டுவந்து கரையில் கொட்டி, குடை நட்டு, நாற்காலி போட்டிருந்தார்கள். இங்கே வீடு கட்ட மணல் கிடைக்காமல் அவனவன் அலைகிறான். அங்கே அதன்மேல் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார்கள். மகள் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டியிருந்த வலைத்தொட்டிலில் ஏறிப் படுத்தாள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார் லாட்ஜ் சமையல்காரர். அதை ஏரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, மேற்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"ஏரி இந்தப் பக்கம் இருக்கும்மா."

"இருக்கட்டும். அது எங்க போகப்போவுது."

மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. நான்கு மணிக்குக் குடையெல்லாம் பறந்தது. இப்படி ஒரு மழையை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. கிழக்கே போகிற மேகம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் மளிகைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "இங்க ஊத்துது, அக்கா. தெருவுல கணுக்கால் தண்ணி" என்றார்.

"யாரையாவது விட்டு ஷட்டரைத் திறக்கச் சொல்லும்மா, அவ்வளவுதானே?" என்றாள் மகள்.

நான் பையை இழுத்துத் துண்டைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஸ்பேனர் வச்சுத் திருக முடியாதா?"

"கைப்பிடியைத் தவிர வேற எதுவும் அதைப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே உங்கப்பா செய்யச் சொன்னாரு."

கடைசி பஸ் போய்விட்டது. விடிந்து போனால் அழுகலைத்தான் பார்க்கலாம். தண்ணீர் இறங்க வேறு ஒரே வழி, நடு வரப்பை வெட்டி, பள்ளத்தில் இருக்கிற கொழுந்தனார் வயலில் விட்டு, அவர் வடிகால் வழியாகக் கடத்துவது. அவர் முன்னாடியே நடவு செய்துவிட்டார். பயிர் முழங்கால் உயரம், தண்ணீரைத் தாங்கும். ஆனால் யார் கேட்பது?

"சித்தப்பாவுக்கு நான் பேசட்டுமா?"

"வேணாம். வாயை விட்டவ நான்."

அறைக்குள் சிக்னல் இல்லை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மணலில் போய் நின்று போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்தான்?"

நம்பர் அவரிடம் இருக்கிறது. தெரிந்தேதான் கேட்கிறார். "உங்க அண்ணி" என்றேன்.

காதில் மழைச் சத்தம். இங்கே பெய்கிறதா அங்கே பெய்கிறதா என்று தெரியவில்லை.

"சொல்லுங்க."

"தம்பி, வயல்ல தண்ணி கட்டிருக்கும். நடு வரப்பை வெட்டிவிடுங்க."

"வரப்புல மண்வெட்டி வச்சா கையை ஒடிப்பேன்னீங்க. எனக்கு இருக்கறது ரெண்டு கைதான் அண்ணி."

"நான்தானே சொல்றேன், வெட்டுங்க."

"இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். இவளும் கேக்கட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பக்கம் என் ஓரகத்தி, "ஏங்க, பாவம், போதும்" என்று சொன்னது காதில் விழுந்தது.

"ஷட்டர் இருக்குல்ல? கைப்பிடி எங்க?"

"என் பையில."

"ஏரிக்கு அது எதுக்கு? படகு ஓட்டவா?"

"தம்பி, முளை அழுகிப்போயிடும்" என்றேன். "போனை வச்சிருங்க, போறேன்" என்றார்.

போனாரா என்று திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. பழைய கோபத்தில் அகலமாக வெட்டிவிட்டால்? தண்ணீர் மொத்தமாக இழுத்தால் விதையெல்லாம் அவர் வயலுக்குப் போய்விடுமே? வெட்டாமலே இருந்துவிட்டால்? விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். லாட்ஜில் இன்னொரு நாள் பாக்கி இருந்தது. மகள் என் பையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

மகளை வீட்டுக்கு அனுப்பி, பையை வாங்கிக்கொண்டு நேரே வயலுக்குப் போனேன். வரப்பு ஒரு முழம் வெட்டியிருந்தது. வெட்டிய வாயில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஒரு பழைய மீன்வலையை மடித்து, இரண்டு பக்கமும் குச்சி அடித்திருந்தார். தண்ணீர் வடியும், விதை போகாது. மழையில் நின்று இதைச் செய்ய ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். வடக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு முளை கருத்துக் கிடந்தது. மற்றதெல்லாம் சேறு படிந்து, தலை சாய்ந்து, உயிரோடு இருந்தது.

அவர் வயலைப் பார்த்தேன். பயிர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஆள் மாதிரி நின்றது. என் தண்ணீர்.

பையிலிருந்து கைப்பிடியை எடுத்து ஷட்டரைத் திறந்தேன். மிச்சத் தண்ணீர் எங்கள் வடிகால் வழியாகவே போகட்டும் என்று வரப்பின் வாயை மண் வைத்து அடைத்தேன். பிறகு ஈரச் சேலையோடு அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். ஓரகத்தி கோலத்தை மழை கலைத்த இடத்தில் பெருக்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை நீட்டினேன்.

"இது இங்கேயே இருக்கட்டும்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவர் குரல்தான் வந்தது: "வாங்கி ஆணியில மாட்டு. அண்ணிக்கு டீ போடு."

காலெல்லாம் சேறு. அப்படியே படியில் உட்கார்ந்தேன்.