யாரும் பார்க்காத நழுவல்

ஈர மண்ணிலிருந்து நிலக்கடலைச் செடியைப் பிடுங்கும்போது எழும் 'பொறுக்' என்ற சத்தமும், என் வலது முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், முதல் தடவை அது நடந்தபோது எனக்கே அது தனியாகக் கேட்கவில்லை. குந்தியிருந்து எழுந்து, பிடுங்கிய 'மல்லாட்டை'ச் செடிகளைப் பக்கத்துக் குவியலில் போடத் திரும்பினேன். கால் இருந்த இடத்தில் கால் இல்லாததுபோல் சரிந்து விழுந்தேன். வலி தாங்காமல் காலை உதறி நீட்டியதும் உள்ளே ஏதோ ஏறி உட்கார்ந்தது. வரிசையில் இருந்த பெண்கள் ஓடி வந்து பார்த்தபோது, எல்லார் முழங்காலையும் போலத்தான் என் முழங்காலும் இருந்தது, கொஞ்சம் மண் ஒட்டியிருந்ததைத் தவிர.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார். அம்மாவும், அப்பாவின் தங்கை பச்சையம்மா அத்தையும் கூலிக்குக் கடலை பிடுங்கப் போவார்கள். காலாண்டு லீவிலும் சனி ஞாயிறுகளிலும் நானும் கூடப் போவேன். அந்தப் புரட்டாசியில் தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும்வரை என் கால் திரும்பத் திரும்ப நழுவியது, ஒவ்வொரு தடவையும் ஆள் வருவதற்குள் திரும்பப் போய் உட்கார்ந்தும் கொண்டது. அப்புறம் முழங்கால் வீங்கும். வீக்கத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்? விழுந்தால் வீங்காதா என்றார்கள்.

நான் விழுந்தால் என் வரிசையையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியவள் அத்தை. முதுகு ஒடிய வேலை செய்கிறவளுக்குக் கோபம் வருவதில் தப்பில்லை.

"பள்ளிக்கோடத்துக்கு அத்தாந்தூரம் நடந்து போவ சொல்ல வலிக்கிலியாம், இங்க வந்து குந்துனா மட்டும் வலிக்குதாம். இன்னா காலுடி அது, எடம் பாத்து நோவுது?" என்பாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நேராக நடந்தால் எனக்கு ஒன்றும் செய்யாது. குந்தி எழுந்து திரும்பினால்தான் போகும். என்னிடம் வேறு சாட்சி இல்லை.

மலையடிவாரத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் சுற்றிலும் அமுக்கிப் பார்த்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று சொல்லி, வந்ததற்கு ஒரு முட்டைக் கட்டு போட்டு அனுப்பினார். டவுன் ஆஸ்பத்திரியில் காலை நேராக நீட்டி வைத்துப் படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றார்கள். ஒவ்வொருவரும் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, ஊருக்குள் என் பொய் வளர்ந்துகொண்டே போனது. 'நடிப்புக்காரி' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலைக்குப் பயந்து நானாகத்தான் விழுகிறேனோ? தனியாக இருக்கும்போது அந்தச் சில்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று அது சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அத்தைமேல்கூட இல்லை.

அம்மா என்ன நினைத்தாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருநாள் வெந்நீரை ஊற்றிக் காலை உருவிக்கொண்டே சொன்னாள்:

"பொய்யா இருந்தா நாலு போட்டுத் திருத்திக்கலாம். நெசமா இருந்தா நான் இன்னாடி பண்ணுவன், பொட்டப்புள்ளய வெச்சிக்கினு?"

என்னைப் பெற்றவள் நான் பொய் சொல்கிறேன் என்று நம்ப விரும்பினாள். அதைக் கேட்டபோது, கால் நழுவுவதைவிட அதிகமாக வலித்தது.

கடைசியில் அத்தைதான் வழி சொன்னாள். அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். செய்யப் பயந்தால் பொய் என்று அர்த்தம். அன்றோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட வேண்டியது. அம்மா மறுக்கவில்லை. எனக்குப் படிப்பு என்றால் உயிர் என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் பாவாடையோடு அம்மன் முன்னால் குந்தினேன். "எங்காலு நெசமா நழுவுது. பொய்யின்னா ஆத்தா எங்கால எடுத்துக்கட்டும்" என்று சொல்லி, எரிந்த கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தேன். சுட்டது பெரிதாகத் தெரியவில்லை. எழுந்து, அம்மா முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

'பொறுக்.'

விழுந்தவளை அத்தை பதற்றத்தில் ஓடி வந்து, மடங்கிய காலோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டதால், இந்தத் தடவை என்னால் காலை நீட்ட முடியவில்லை. அதனால் எல்லாரும் பார்த்தார்கள். முழங்காலின் முன்பக்கம் சப்பையாக இருந்தது. சில்லு வெளிப்பக்கம் ஒதுங்கித் தோலை முட்டிக்கொண்டு நின்றது.

"சொன்ன வாய் மூடல, ஆத்தா கால எடுத்துக்கினா பாரு!" என்று அத்தை அலறினாள். கோயிலுக்கு வந்திருந்த பெண்கள், பொய்ச் சத்தியம், பொய்ச் சத்தியம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தனை நாள் நான் சொன்னது அத்தனை பேர் கண்முன்னால் நடந்த பிறகும், அதையே நான் பொய் சொன்னதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நான் அழவில்லை. அழுதால் அதையும் நடிப்பு என்பார்கள்.

அம்மா அத்தையின் கையைத் தட்டிவிட்டாள். என் குதிகாலைப் பிடித்து மெதுவாக நீட்டினாள். அவள் கைக்கு அடியிலேயே சில்லு ஏறி உட்கார்ந்தது. வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.

"அவ பொய் சொன்னான்னு ஆத்தா வரல. நம்ம கண்ணு அவிஞ்சி கெடக்குதுன்னு வந்தா. எய்ந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றாள்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிப் பாண்டிச்சேரி போனோம். அங்கிருந்த எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். சந்தேகத்தில் எங்கள் ஊரையே தூக்கிச் சாப்பிடுவார் போலிருந்தது. நான் சொன்ன எதற்கும் தலையாட்டவில்லை. காலைத் தன் தொடைமேல் லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டபடியே கட்டைவிரலால் சில்லை உள்பக்கம் தள்ளினார். சும்மா இருந்தேன். வெளிப்பக்கம் தள்ளினார். என்னை அறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வேறு ஏதோ பேசிவிட்டு மறுபடியும் இரண்டு பக்கமும் தள்ளினார். அவர் என் காலைப் பார்க்கவே இல்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

"நடிக்கிறவளுக்கு எந்தப் பக்கம் தள்ளும்போது பயப்படணும்னு தெரியாதும்மா" என்றார் அம்மாவிடம்.

பிறகு முழங்காலை மடக்கி வைத்து, மேலிருந்து ஒரு படம் எடுத்தார்கள். சில்லு ஓடுகிற பள்ளம் எனக்கு ஆழம் கம்மி. காலை நீட்டினால் சில்லு தன் இடத்துக்கே திரும்பிவிடுவதால்தான் யாருக்கும் தெரியவில்லை என்று விளக்கினார். "கரை தாழ்ந்த வாய்க்காலுங்களா?" என்றாள் அம்மா. "அதேதான்" என்றார். முதலில் தொடைக்கு வலுவேற்றும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கும் அடங்காமல் போகவே, வளருகிற பெண் என்பதால் எலும்பில் கை வைக்காமல், சில்லை உள்பக்கமாக இழுத்துப் பிடிக்கும்படி தசைநாரைத் தைத்தார்கள். அதற்குப் பிறகும் கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்கிப் பழக வேண்டியிருந்தது. நான் ஏமாற்றுகிறேனா என்று அம்மா என் தொடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

குந்தி வேலை செய்யவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், காட்டு வேலை நின்றது, மிஞ்சியது பள்ளிக்கூடம்தான். "பாத்தியா, கடைசீல அவ நெனச்சதையே சாதிச்சிக்கினா" என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால் அப்புறம் ஒருதடவைகூட நழுவவில்லை. ஆனால் நான் தரையிலிருந்து எழும்போதெல்லாம் அம்மா செய்கிற வேலையை நிறுத்திவிட்டு என் முழங்காலையே பார்ப்பாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்: "இன்னாம்மா, இன்னுமா என்ன நம்பல?"

"ஒன்ன நம்பறன்டி. அந்தக் காலத்தான் நம்பல" என்றாள்.

இன்று அந்தக் கடலைக் கொல்லை இல்லை, கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள். அத்தை போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அம்மா போனது போன வருஷம். அவள் இல்லாத முதல் பொங்கலுக்கு வீடு நிறைய ஆள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு, கையை ஊன்றி எழுந்தேன். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.