ஹேண்டிலில் ஒரு கண்ணாடி

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டதோடு அந்த ஆசை தீர்ந்துவிட்டது. கார் ஓட்டுவேன், நன்றாகவே ஓட்டுவேன். அப்படிப்பட்டவன் வேலை ஓய்வுக்குப் பிறகு தரையில் குந்திக்கொண்டு, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், அதற்கு என் மனைவியின் பிடிவாதம்தான் காரணம்.

முந்தைய வருஷம் அவளுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. அறுவை, மருந்து, கதிர் என்று ஒவ்வொன்றாக முடிந்தது. அக்குளிலிருந்தும் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் கை வீங்கும், தோளுக்கு மேல் சரியாக எழாது. விரல்களைச் சுவரில் நண்டு மாதிரி மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள். தினமும் ஏற்றுவாள். காது உயரம் வந்ததும் கை நின்றுவிடும், அவள் முகம் சுருங்கிவிடும். முடி மறுபடி வளர்ந்ததும் வாரிவிடும் வேலை எனக்கு வந்தது. நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, நீங்க இங்கயே இருங்க" என்று தாதி சொல்வார். இருப்பேன்.

அதே சிகிச்சை முடித்த சில பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கெலுகோர் கடலோரப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். போனவள் ஒரு பழைய சைக்கிளோடு திரும்பினாள். டாக்டரைக் கேட்டேன். கையில் பாரம் விழாமல் ஓட்டலாம் என்றார். அவரும் அவள் பக்கம். கடலோரம் சமதரை, சரி என்று விட்டேன். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவ் வரை ஓட்டிப் போகப் போவதாகச் சொன்னாள்.

"வழியில மலை இருக்கே."

"இருந்தா என்ன? ஏற முடியலைன்னா தள்ளிட்டுப் போறேன் லா."

"அப்போ நான் பின்னாலயே காடிய ஓட்டிக்கிட்டு வரேன்."

"வந்தீங்கன்னா நான் அங்கேருந்தே திரும்பிருவேன். மத்த அக்காங்க முன்னால மானத்த வாங்காதீங்க." கொஞ்சம் பொறுத்து, "அடுத்த மாசம் மறுபடியும் ஸ்கேன். அதுக்கு முன்னால ஒரு தடவ ஏறிடணும்ங்க" என்றாள்.

வாழ்நாள் முழுக்கப் பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். அந்தப் புத்தி எங்கே போகும்? வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துச் சைக்கிளைக் குடைந்தேன். பெடல் கீழே இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும் என்று சீட்டை உயர்த்தினேன். கையில் பாரம் விழாதபடி ஹேண்டிலையும் உயர்த்தினேன். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். காற்று அடித்தேன், டயரை அமுக்கிப் பார்த்தேன், திருப்தி வராமல் மறுபடி அடித்தேன். ஹெல்மெட் வாரை அவள் தாடைக்கு அடியில் விரல் விட்டுச் சரிபார்த்தபோது, "கழுத்த நெரிச்சிராதீங்க" என்றாள். அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. திருகாணி தெரியும். அதை இறுக்கினேன்.

கண்ணாடியும் என் யோசனைதான். பின்னால் வருவது தெரியாமல் எப்படி ஒருத்தி ரோட்டில் போவது? கடைக்காரச் சீனர், பசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் கிழவிகள்தான் இதை மாட்டுவார்கள் என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று பெரியதாகவே ஒன்று வாங்கி, ஹேண்டிலின் வலது பக்கம் மாட்டினேன். அவளை உட்காரவைத்து, எது தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுக் கோணம் பார்த்தேன்.

புறப்படும் காலையில், கார் வாங்கியபோது செய்த மாதிரி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சைக்கிளைத் தள்ளினேன். பழம் நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடி, பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அபசகுனமாகப் பட்டது, குனிந்து அதைத் தேடினேன்.

"ஆள் ஏறாம எப்படிங்க நசுங்கும்?" என்று ஏறி உட்கார்ந்தாள். இன்னொரு பழத்தை வைத்து அவளோடு சேர்த்துத் தள்ளினேன். பச்சென்று நசுங்கியது. "பாத்தீங்களா, எடை கூடியிருக்கேன்" என்றாள். சிகிச்சையின்போது துரும்பாக இளைத்திருந்தவள் அவள்.

"ரெண்டு கையும் ஹேண்டில்லயே இருக்கணும். எது வந்தாலும் கைய எடுக்கக் கூடாது" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

வீட்டில் காபி போட்டேன், குடிக்கவில்லை. தொலைக்காட்சி போட்டேன், என்ன ஓடியது என்று தெரியாது. கடைசியில் சாவியை எடுத்துவிட்டேன்.

தெலுக் கும்பார் தாண்டியதும் மேடு தொடங்குகிறது. மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள். அவள் கடைசியில், நான் கட்டாயப்படுத்திப் போடவைத்த ஆரஞ்சு மேலங்கியில், குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். தள்ளவில்லை, ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் வெகுதூரம் பின்தங்கி ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் கொஞ்சம் நெருங்கினேன்.

அவள் தலை லேசாக வலது பக்கம் திரும்பியது. கண்ணாடி! துடைத்து, கோணம் பார்த்து மாட்டியவன் நான்தானே.

வலது கை ஹேண்டிலை விட்டு எழுந்தது. வீக்கத்துக்காக மாட்டிய இறுக்கமான துணியுறையோடு தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, ஹெல்மெட்டுக்கு மேலே நேராக நின்றது. பிறகு முன்பக்கமாக வீசியது. போங்க, போங்க.

"கைய வை! ரெண்டு கையும் வை!" என்று மூடிய காருக்குள் கத்தினேன். சைக்கிள் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது. சுவரில் இத்தனை மாதம் ஏறாத கை, என்னை விரட்ட ஏறிவிட்டது. சந்தோஷமா பயமா என்று பிரிக்கத் தெரியாமல் எனக்கு அழுகை வந்தது. லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். அவளைத் தாண்டினேன், பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

தாண்டிய பிறகு என் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தன. குனிந்து மிதித்துக்கொண்டே சின்னதாகிக்கொண்டு போனாள். வளைவு வந்தது. அந்தப் பாதையில் காரை நிறுத்த இடமே இல்லை.