தட்டில் வந்த கல்

அரிசியை ஊறப்போடுவார்கள், புளியை ஊறப்போடுவார்கள். எங்கள் மாமா கல்லைத் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டவர். கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கட்டுவதும் மோட்டார் கொட்டாயைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

திருக்கனூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் நல்ல மழை அடித்து ஓய்ந்தால் கல்மரத் துண்டுகள் தலைகாட்டும். பார்த்தால் விறகுச் சிராய், தூக்கினால் கல். என்றைக்கோ மரமாக இருந்து கல்லாகிப் போனது என்பார் மாமா. ஊரில் அதற்கு அசுரன் எலும்பு என்று பெயர். அம்மா அதை வாசற்படி ஏற்ற விடமாட்டாள். பாண்டிச்சேரியில் மோட்டார் பழுது பார்க்கப் போன ஒரு வீட்டில் இதே கல்லைக் கண்ணாடிபோல் இழைத்து அலமாரியில் வைத்திருந்ததை மாமா பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

மூடி போட்ட பெரிய பெயிண்ட் டின் ஒன்றின் உட்புறம் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். மோட்டார் ஓடும்போது அதிலிருந்து பட்டை போட்டு டின்னையும் மெல்லச் சுற்றவைத்தார். உள்ளே கல்மரத் துண்டும் தண்ணீரும் மணலும். மணலுக்குப் பிறகு சாணைப் பொடி, அதற்குப் பிறகு அதைவிட நைசான பொடி, கடைசியில் மெருகுப் பொடி. மோட்டார் ஓடினால்தான் டின் ஓடும். அதனால் தண்ணீர் கேட்காத கரும்புக்கும் தண்ணீர் பாய்ந்தது.

"உன் தம்பி அசுரன் எலும்ப மாவாட்டுறான், என் கரும்பு அழுவிப் போவுது" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். மாமாவிடம் நேரில் சொல்லமாட்டார்.

ஒவ்வொரு முறை பொடி மாற்றும்போதும் கற்களைக் கழுவுவது என் வேலை. அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய பொடியில் ஒரு துகள் தங்கினாலும் போதும், அடுத்த சுற்றில் எல்லாக் கல்லிலும் கீறல் விழுந்துவிடும். வாய்க்காலில் உட்கார்ந்து தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போகும்.

"ஓட்டையில பாத்தியா புள்ள? அங்கதான் குந்தினு இருக்கும்" என்பார் மாமா. துடைப்பக்குச்சியை விட்டு அதையும் நோண்டி எடுப்பேன்.

இவ்வளவும் செய்தது நான். கல் போனது அக்காவுக்கு.

அக்கா அந்தக் கொட்டாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. டின் உருளுகிற சத்தம் தலையை வலிக்கிறது என்பாள். பத்தாவது எழுதிவிட்டு டீச்சர் ட்ரெயினிங் போகவேண்டும் என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். மாமா முதல் ஈட்டில் தேறிய கற்களைக் கொண்டுபோய் அவள் ஜன்னலில் வரிசையாக வைத்தார். இழைத்த கல்லை அம்மாவும் தடுக்கவில்லை. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? காற்றில் தாள் பறக்காமலிருக்க மேலே தூக்கி வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பாவாடைத் துணி எடுத்தால் நல்ல நிறம் அவளுக்கு, மீனில் நடுத்துண்டு அவளுக்கு. அதையெல்லாம்கூடப் பெரியவள் என்று விட்டுவிடலாம். நான் நகம் தேயத் தேய்த்த கல் அவளுக்குத் தாள் பாரமா?

அந்த வருஷத்து மழைக்குப் பிறகு நானே ஒரு கல்லைக் கண்டெடுத்தேன். கோழிமுட்டை அளவு. மண்ணைத் துடைத்தால் ரத்தச் சிவப்பு. வெட்டிய மரத்தில் இருக்கிறமாதிரி உள்ளே வளையம் வளையமாக ஓடியது. "அட, இது ராஜாடி!" என்று மாமா வாங்கி டின்னில் போட்டார். கார்த்திகையில் போட்டது பொங்கலுக்கு வெளியே வந்தது. கழுவித் துடைத்துப் பார்த்தபோது, கொட்டாய் வாசல் அதில் குட்டியாகத் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, இம்மாம் பளபளப்பு யாருக்கு?" என்று கேட்டாள். மாமா காது சிவந்து சிரித்தார். எனக்குத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு எப்போதுமே கூச்சம்.

காணும் பொங்கலன்று கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அம்மா பித்தளைத் தட்டு ஒன்றை எடுத்துவந்தாள். வெற்றிலை பாக்கு, பூச்சரம், மஞ்சள், ஒரு பட்டுப்புடவை. நடுவில் என் கல். அதற்குக் குங்குமப் பொட்டு வேறு வைத்திருந்தாள். கல்லை மட்டும் கொடுத்திருந்தாலாவது பொறுத்திருப்பேன். புடவையும் பூவுமா சேர்த்து? மாமா தட்டை இரண்டு கையாலும் வாங்கி அக்காவிடம் நீட்டினார்.

"வாங்கிக்கடி" என்றாள் அம்மா.

"மொறமாப்ள நீட்டுறாரு இல்ல? இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற?" என்றாள் அத்தை. மாமாவை இப்படிச் சொல்லி அக்காவைச் சீண்டுவது வீட்டில் எப்போதும் நடப்பதுதான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தட்டைத் தொடவில்லை. கல்லை மட்டும் எடுத்தாள். திரும்பி வந்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எடுத்ததும் இது, கழுவுனதும் இது. இதுவே வச்சிக்கட்டும்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்னத் தூக்கி வளத்தவன் நீ. எனக்கு மாமாவாவே இரு மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். அப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"குடுத்துருடி அத" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வுடுக்கா" என்றார் மாமா. "அதுவாச்சும் ஆசப்பட்டுக் கேக்குது." தட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் அன்றைக்குச் செருப்புப் போடாமல் போனது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதை அக்காவிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவது? தேடிப்போனேன். நெல் குதிருக்குப் பின்னால், தாவணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

உள்ளே ஜில்லென்று இருந்தது எனக்கு. இத்தனை நாள் நான் எரிந்தேன், இப்போது அவள் எரியட்டும். ஆனாலும் அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. விரலைத் திறந்து நீட்டினேன்.

"ஒரே ஒரு தபா தொட்டுக்கோ. திருப்பிக் குடுத்துடணும்."

அவள் கல்லைத் தொடவில்லை. நீட்டிய கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் தலையில் முகத்தை வைத்து இன்னும் அழுதாள். இந்தக் கல்மேல் இவளுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.