விரல் நுனிகள்

லண்டனில், நோர்பரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், மாலை நேரத் தடயவியல் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரர் அவர். நரைத்த மீசை. கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கைரேகைப் பயிற்சியன்று என் ரேகைகள் தாளில் தெளிவாக விழுந்தன. அவருடையவை வெறும் மைத்திட்டுகளாக இருந்தன.

"அடுப்பிலை வச்சுச் சுட்டனான், தங்கச்சி," என்றார். "வாற வழியிலை பிரான்சிலை ரேகை எடுத்தவங்கள். இங்கை அகதியாப் பதியேக்கை அது பொருந்தினால் பிரான்சுக்கே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

பிறகு, சுட்ட ரேகை திரும்ப வருமா என்று ஆசிரியரிடம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டார்.

மேல்தோல் மட்டும் சுட்டிருந்தால், ஆறியதும் அச்சு அசலாகப் பழையபடியே வரும் என்றார் ஆசிரியர் உற்சாகமாக. அதுதான் இந்தத் துறையின் அழகாம்.

"இதைக் கேக்கத்தான் இந்த வகுப்பிலை சேர்ந்தனான்," என்றார் என்னிடம்.

அதன் பிறகும் அவர் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. விரல்களைத் தடவிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.