ஓர் அளவு பெரிய சப்பாத்து

ஜேர்மனியின் விண்டர்பேர்க்கில் பனிச்சறுக்குச் சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கும் கடை. மகள் வகுப்போடு வந்திருக்கிறாள். காலை முறித்துக்கொள்வாளோ என்ற பயத்தில் நானும் கூடவே வந்து நிற்கிறேன்.

கடைக்காரர் அவளுடைய சப்பாத்து அளவைக் கேட்கிறார். வளர்கிற பிள்ளைதானே என்று வழக்கம்போல ஓர் அளவு கூட்டிச் சொல்கிறேன். அவர் நம்பாமல் அவள் போட்டிருக்கிற சப்பாத்தைக் கழற்றுகிறார். விரல் பக்கம் நான் அடைத்துவிட்ட கடதாசி உருண்டை நிலத்தில் விழுகிறது. கூடப்படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

"தொளதொளவென்று இருந்தால் விழும்போது கால் முறியும்" என்று ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு, சின்னதொரு பனிச்சறுக்குச் சப்பாத்தை மாட்டி இறுக்குகிறார்.

"நோகுதோ பிள்ளை? கழட்டச் சொல்லட்டோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் அப்பா. இதுதான் என்ர கால் அளவு. பின்னேரம் திருப்பிக் குடுக்கும் வரைக்கும் எண்டாலும் போடுறன்."