சுக்கு அடுக்கில் நாற்பது சாக்கு

ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டினால் ஐயாயிரத்து ஐம்பது. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தால் நூற்றொன்று. அப்படி ஐம்பது ஜோடி. பள்ளியில் இதைக் கற்றபோது எனக்கு உண்டானது, வேலை செய்யாமலே வேலை முடிந்துவிட்ட மகிழ்ச்சி. அதை நான் அறிவு என்று எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் எண்ணிக்கை எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் சுக்கைக் காயவைத்துச் சாக்கில் கட்டுவார்கள். சுமைக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து கிடங்குக்குள் கொண்டுபோய் அடுக்குவார்கள். நான் கிடங்கு வாசலில் நின்று, ஒரு சாக்குக்கு ஒரு கோடு போட வேண்டும். கிடங்குக்குள் எவ்வளவு போனது என்பதற்கு அந்தக் கோடுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

சுமைக்காரர்கள் ஆறு பேர். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர்க்காரர்கள். அவர்களில் நாற்பது வயதை நெருங்கிய ஒருவரிடம் காயல் பக்கத்துக் கதவின் சாவி இருந்தது. படகுக்குச் சரக்கு இறக்கும் கதவு அது. வெளியூர்க்காரர் ஒருவரை நம்பிச் சாவியைக் கொடுத்ததை அந்த ஆறு பேரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சேர்ந்த இரண்டாம் மாதமே எனக்குக் குறுக்குவழி தெரிந்துவிட்டது. கீழ் அடுக்கில் பதினைந்து சாக்கு, அதன்மேல் பதினான்கு, அதற்குமேல் பதின்மூன்று என்று பத்து அடுக்கு ஏறி, உச்சியில் ஆறில் நிற்கும். பதினைந்தும் ஆறும் இருபத்தொன்று; ஐந்து ஜோடி; நூற்றைந்து. அப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து நிரை. ஐநூற்று இருபத்தைந்து. பகல் முழுவதும் சாயாக்கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு, மாலையில் ஒரு முறை அண்ணாந்து பார்த்தால் போதும். கோடுகளைப் பிறகு போட்டுக்கொள்வேன். கோடை முழுவதும் ஏற்றுமதிக்கு வெளியே போன கணக்கும் என் கணக்கும் ஒரு சாக்குகூட விலகவில்லை.

சாயாக்கடையில் நூறு வரை கூட்டும் வித்தையைச் சாவிக்காரரிடம் காட்டியிருக்கிறேன். அவர் சிரித்தார். “கூட்டாமலே கூட்டிட்டீரு. திங்காமலே வயிறு நெறைய ஒரு வழி இருந்தா அதையும் சொல்லும் கணக்கப்பிள்ளே.” மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

மழைக்காலத்தில் முதலில் ஏற்றிய ஐந்து நிரைகளையும் ஆவணி பிறந்ததும் பிரித்தார்கள். புத்தகத்தில் ஐநூற்று இருபத்தைந்து. வெளியே வந்தது நானூற்று எண்பத்தைந்து. மேலாளர் இரண்டு முறை எண்ணச் சொன்னார். மாறவில்லை. நாற்பது சாக்கு காணாமல் போவதற்குக் கிடங்கில் இருந்த வழி ஒன்றுதான், காயல் கதவு. அதன் சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் சத்தம் போடவில்லை. மேசைமேல் சாவியை வைக்கச் சொன்னார். சாவிக்காரர் அதை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க வாசல்ல நின்னுதான எண்ணினீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

அதுவரை அவர் என்னைத் தம்பி என்று அழைத்ததில்லை.

“ஆமாம்” என்றேன்.

அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவரைக் குற்றவாளியாக்க நான் நினைக்கவில்லை. வாசலில் நின்றேனா இல்லையா என்பது சிறிய பொய், தொகை உண்மையானது என்று நம்பினேன். சூத்திரம் தவறாது. சூத்திரம் தவறவும் இல்லை.

அன்றே குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். மற்ற ஐந்து பேரும் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தங்கள் வேலையும் போகும் என்ற பயம் பாதி. வாசலில் நின்று எண்ணியவன் சொல்கிறானே என்பது மீதி. கொஞ்ச நாளில் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனார்கள். செய்தியும் அவர்களோடு போனது.

திரும்பி வந்த பிறகு புதிதாக ஐந்து நிரை ஏற்றினார்கள். அன்றுதான் முதன்முறையாக நான் உள்ளே போய் நின்று பார்த்தேன். முன் நிரையை மட்டும் சாக்கோடு சாக்கு இறுக்கி வைத்தார்கள். பின்னால் இருந்த நான்கு நிரைகளில் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சாக்கைக் குறைத்து, மிச்சம் இருந்தவற்றை விரல் நுழையும் அளவுக்கு விலக்கி வைத்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

“மழை பெய்யுதுல்ல. உள்ள காத்து ஓடலேன்னா சுக்கு பூசணம் பூத்துப் போகும். முகம் மட்டும் நல்லா இருக்கணும், மொதலாளி பாப்பாரு” என்றார் ஒருவர்.

“எல்லா மழைக்கும் இப்படித்தானா?”

“பின்னே? வாசல்ல நின்னு எண்ணுறவருக்கு இதுல என்ன வந்துச்சு?”

நான்கு நிரை, பத்து அடுக்கு. நாற்பது. இந்தப் பெருக்கலுக்குக் குறுக்குவழி தேவைப்படவில்லை.

மேலாளரின் அறை இருபது அடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று ஆறு மாதம் நினைத்தேன். பிறகு எர்ணாகுளத்தில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே எண்களைச் சரிபார்ப்பதில் கறாரானவன் என்று எனக்குப் பெயர்.

எண்பதுகளின் தொடக்கத்தில், இறால் உரிக்கும் கொட்டகைகளைப் பற்றி எழுத இடக்கொச்சிக்குப் போனேன். ஒரு கொட்டகையின் பின்புறத்தில் அந்தச் சாவிக்காரர் ஐஸ் பாளம் உடைத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, சாயா குடிக்கிறீர்களா என்று கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஐஸ் உடைக்கும் கம்பியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“அன்னிக்கு ஒங்களக் கேக்கும்போதே சந்தேகம்தான்” என்றார். “நீங்க ஆமாம்னதும், பய படிச்சவன், பொய் சொல்ல மாட்டான்னு நானே நெனச்சேன். நம்மளுக்குள்ளயே எவனோ எடுத்துட்டான்னு இத்தன வருசமா அந்த அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தனா சந்தேகப்பட்டேன்.”

ஊருக்குப் போவதுண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது தம்பி? அந்த அஞ்சு பேருகிட்டல்ல சொல்லணும்.”

மறுநாள் காலையில் மட்டாஞ்சேரிக்குப் போனேன். இரண்டு பேர்தான் அங்கே இன்னும் சுமை தூக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரிடமும் சொன்னேன். ஒருவர் அடுத்த சாக்கைத் தூக்கப் போனார். சாவி பிறகு தன்னிடம்தான் இருந்தது என்று மற்றவர் சொன்னார். மூன்று பேர் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டதாகவும், அதில் ஒருவர் இறந்துவிட்டதாகவும் அவர்தான் சொன்னார்.

ஊர்ப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். கம்பத்துக்குப் பேருந்தில் ஒரு நாள் பயணம். நான் போகவில்லை.