பனிமலை போட்ட டயர்

ஷார்ஜா டயர் கடையில் ஒரு வேன் டிரைவர், கழுத்தில் ஈரத்துண்டோடு, ஒவ்வொரு டயரிலும் கன்னத்தை ஒற்றிப் பார்த்தார். கடைசியில் பனிமலைப் படம் பொறித்த ஆல் சீசன் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வாகன ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான், கேட்காமலே சொல்லிவிடுவேன்.

"பேருதான் ஆல் சீசன், அது பனிக்கு ஏத்த இளகின ரப்பருங்க. இந்தச் சூட்டுக்குத் தாங்காது. வெயிலுக்குன்னு இருக்கறத வாங்குங்க."

"வண்டியில ஏசி மக்கர் சார். சோனாப்பூர் லேபர் கேம்ப்லேருந்து பன்னெண்டு பேர அல் ஐன் சைட்டுக்கு ஏத்திட்டுப் போறேன். இதுன்னா கொஞ்சம் குளுகுளுன்னு ஓடாதா?"

"டயர் வெடிச்சா பன்னெண்டு பேரும் மொத்தமா சில்லிட்டுடுவாங்க."

"ஐயோ, அந்தக் குளிர்ச்சி மாஃபி சார், வேணவே வேணாம்!"

நான் காட்டிய வெயில் டயரையே மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் சிக்னலில் அதே வேன் நின்றது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நான்கு டயர்களிலும் சாக்பீஸால் பனிமலை வரைந்திருந்தார். அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.